தம்பியோடு நெடுங்கேணிக்கு: பவுடர் மட்டுமல்ல

1994 ஆனியில் என் தம்பி ரூபனைக் கூட்டிக்கொண்டு வவுனியாவிலிருந்து நெடுங்கேணிக்குப் போனேன். சுற்றுலா இல்லை. கொழும்பில் அவன் பவுடர், அதாவது ஹெரோயின், பழகியிருந்தான். விட்டு ஒரு மாதம் என்றான். வன்னியில் அந்தச் சாமான் கிடைக்காது, சித்தி வீட்டில் ஆறு மாதம் இருந்தால் தேறிவிடுவான் என்று நினைத்தேன். பெரிய கெட்டிக்காரி நான்!

காலை ஏழு மணிக்கு இராணுவச் சோதனைச் சாவடி வரிசையில் நின்றோம். போர்க்காலம், வன்னிக்கு மருந்து கொண்டுபோகத் தடை. ஆனாலும் சொந்தக்காரருக்கென்று உடுப்புத் தையலுக்குள் பனடோல் மாத்திரையை ஒளித்துப் போகாதவர் குறைவு. ரூபனின் காற்சட்டை மடிப்பிலிருந்து ஐந்து அட்டைக் குளிசைகளைப் பறித்தார்கள். "சித்திக்குத் தலையிடிக் குளிசை" என்றான். பாசத்தைப் பார் என்று உருகிப்போனேன்.

அன்று ஓமந்தையில் தங்கினோம். மறுநாள் பத்து மணிக்கு, மண்ணெண்ணெயில் ஓடும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினோம். ஆளுக்கு நாற்பது ரூபா. சுமார் 35 கிலோமீற்றருக்கு மூன்றரை மணித்தியாலம், இடுப்பு கழன்றுவிடும். புளியங்குளம் தாண்ட ரூபனுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. போட்டிருந்த சேட்டு வேர்வையில் ஊறிவிட்டது.

"தம்பிக்குக் காய்ச்சலோ அக்கா?" என்றார் ஓட்டுநர்.

"ஓம் அண்ணை, மலேரியாவாக்கும்." வன்னியில் யார் நடுங்கினாலும் மலேரியாதானே!

அவர் எங்களை நேரே நெடுங்கேணி மருந்தகத்தில் இறக்கினார். முப்பது பேர் மருந்துக்குக் காத்திருந்தார்கள். அங்கே வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி ஐயாவும் என் கதையை நம்பி, மலேரியா மருந்து எழுதப் பேனையை எடுத்தார். ரூபன் அவர் கையைப் பிடித்தான்.

"ஐயா, இது மலேரியா இல்லை. நான் பவுடர் பாவிச்சனான். அதை விட்டது உண்மை. ஆனா அதுக்குப் பதிலா நித்திரைக் குளிசை, நாளுக்கு எட்டு. அது கிடைக்காட்டி இருமல் மருந்துப் பாணி. சாப்பாடு இறங்கக் கஞ்சா. முந்தியும் ஒண்டை மட்டும் பாவிச்சதில்லை. ஒண்டு இல்லாட்டி மற்றது. நேற்றுப் பறிச்சது அந்தக் குளிசையைத்தான். அக்காவுக்கு ஒண்டும் தெரியாது."

ஐயோ, நிலம் பிளக்காதா என்றிருந்தது எனக்கு. ஐயா பேனையை வைத்தார்.

"நல்லகாலம் சொன்னீர் தம்பி. அந்த நித்திரைக் குளிசையை ஒரேயடியா நிப்பாட்டினா வலிப்பு வந்து ஆளே முடிஞ்சிருக்கும்."

மருந்தகத்தில் இருந்த கொஞ்சக் குளிசையையும் அவனுக்காக ஒதுக்கி, நாளுக்கு நாள் குறைத்துக் கொடுத்தார். ஐந்து வாரத்தில் அதுவும் நின்றது.

இப்படி ஒருவரைத் தூர இடத்துக்கு அழைத்துப் போகிறவர்கள் "விட்டுட்டியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "வேறை என்ன எடுக்கிறாய்?" என்று கேளுங்கள். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். எதையும் திடீரென நிறுத்த வேண்டாம். அந்தப் பாதையில் வலிப்பு வந்திருந்தால் தண்ணீர் தரவும் ஆளில்லை.

அன்று நாங்கள் சித்தி வீட்டுக்குப் போகமுன்னமே, மருந்தகத்தில் கேட்டிருந்தவர்கள் வழியாகக் கதை போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உவரோ அந்த ஆள்?" என்று கேட்டாள்.

"ஓம், உவர்தான்" என்றேன், தெருவுக்கே கேட்க. "என்ரை தம்பி."