எல்டன் ஸ்டக்கி கியர் ஆயில் மாற்றிய வாரம்

என் கணவர் எல்டன் ஸ்டக்கி முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட அலமாரி செய்யும் தொழிற்சாலையில் கீல் பூட்டினார். மேல் கீல் மட்டும். கீழ்க் கீலுக்கு வேறு ஆள். ஒரு கதவு கழன்று திரும்பி வந்தால் அது யாருடைய கீல் என்பதில் இருவருக்கும் ஓய்வு பெறும்வரை சண்டை. தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்வார். ஒரு பல்லைத் தானே பிடுங்கியிருக்கிறார். எங்கள் சர்ச்சில் உதவிக்காரர் பதவிக்கு இரண்டு முறை நின்று தோற்றார். இரண்டாம் முறை அவர் ஒருவர்தான் போட்டியிட்டார். தேர்தலைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

அவர் பேர் செய்தித்தாளில் வருவது வருடத்துக்கு ஒருமுறை. அக்டோபர் முதல் சனிக்கிழமை பூசணித் திருவிழா. அன்று ஊர் தேர்ந்தெடுத்த பெண்ணை, பூசணி ராணியை, ஊர்வலமாக அழைத்துப் போகும் கூரையில்லாத கார் எங்களுடையது. 'ஓட்டுநர்: எல்டன் ஸ்டக்கி' என்று ராணியின் படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் போடுவார்கள். இருபத்திரண்டு வருடத்து 'ஓட்டுநர்' வரியையும் செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒரே உறையில் வைத்திருக்கிறார்.

போன வருடம் வங்கி வாசலில் கியர் பிடிமானம் விட்டுவிட்டது. எஞ்சின் இரைகிறது, கார் நகரவில்லை. பள்ளிக்கூட பேண்டு வாத்தியக்காரர்கள் ஒரு கையால் ஊதிக்கொண்டு மறு கையால் தள்ளினார்கள்.

இந்த வருடம் திருவிழாவுக்கு முந்தைய திங்களன்று கமிட்டித் தலைவி மார்வெல்லா ஒரு பூசணி ரொட்டியோடு வந்தாள். எங்கள் பக்கம், தெற்கு இண்டியானாவில், கெட்ட செய்தியை யாரும் வெறுங்கையோடு கொண்டு வருவதில்லை. ரொட்டியைப் பார்த்ததுமே எல்டன் உட்கார்ந்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க எல்டன். இந்த வருஷம் ராய்ஸோட வண்டிய வச்சுக்கலாமான்னு ஒரு பேச்சு."

"எந்த ராய்ஸ்?"

"உங்க பக்கத்து வீட்டு ராய்ஸ்தான். புது பிக்கப் வாங்கியிருக்காரே."

"ராணி என்ன வைக்கோல் கட்டா, பிக்கப்புல ஏத்திட்டுப் போறதுக்கு?"

"நாற்காலி போடுவோம். இங்க பாருங்க, சனிக்கிழமை காலைல ஒம்போது மணிக்கு உங்க வண்டி தானா ஓடி, ஊர்வலம் கிளம்புற தானியக் கிடங்கு வாசலுக்கு வந்துட்டா நீங்க. தள்ளிட்டு வந்தா ராய்ஸ்."

வியாழக்கிழமை மதியம் எல்டன் காரின் முன் சக்கரங்களை இரும்புச் சாய்வுகளில் ஏற்றி நிறுத்தினார். ஆட்டோமேட்டிக் கியருக்குப் புது ஆயில், புது ஃபில்டர், அடித்தட்டில் ஆயில் கசியாமல் அடைக்கப் புது கேஸ்கெட் எல்லாம் வாங்கி வைத்திருந்தார். எங்கள் தெருவில் ஒருவர் காருக்கு அடியில் போனால் மற்றவர்கள் மடக்கு நாற்காலியோடு வந்துவிடுவார்கள். அழைக்க வேண்டியதில்லை. நால்வர் வந்தார்கள். ராய்ஸ் முதல் வரிசையில்.

"மாத்தாதே எல்டன். இவ்ளோ ஓடுன வண்டிக்கு அந்த அழுக்குதான் உயிர். அத எடுத்தா செத்துரும்" என்றார் ராய்ஸ்.

"உன் வண்டிக்கு வேணா அழுக்கு உயிரா இருக்கும்" என்று அடியிலிருந்து பதில் வந்தது.

அடித்தட்டைப் பதினாறு போல்ட் தாங்கியிருந்தது. ஒரு பக்கத்தை மட்டும் தளர்த்தி, தட்டைச் சாய்த்து, ஆயிலை மெல்ல வடிக்க வேண்டும். எல்டனுக்கு அது தெரியும். ஆனால் ராய்ஸ் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு, பதிமூன்று என்று கேட்கக் கேட்க இவர் கையும் நிற்காமல் கழற்றிக்கொண்டே போனது. பதினைந்தில் தட்டு கவிழ்ந்தது. வெதுவெதுப்பான சிவப்பு ஆயில் முழுவதும் அவர் தலையில். வழுக்கை விழுந்து மிஞ்சியிருந்த நரைமுடி செம்பட்டையாகிவிட்டது. நான் பூனை மணல் மூட்டையை, வீட்டுப் பூனைகள் வெளிக்குப் போகக் கடையில் விற்பதை, கொண்டுவந்து தரையில் கொட்டினேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. ஆயில் சிந்தும் என்றே மூட்டை வைத்திருப்போம். அரை மணி நேரத்தில் தெருப்பூனைகள் மூன்று வந்து, வேறென்னவோ நினைத்துக்கொண்டு மணலைக் கிளற ஆரம்பித்தன.

தட்டின் அடியில் ஒரு காந்தம் இருந்தது. அதில் இரும்புத் தூள் சாம்பல் பசைபோல ஒட்டியிருந்தது. ராய்ஸ் அதை வாங்கி, விரலில் தேய்த்து, ஜாதகம் பார்ப்பவர் மாதிரி கண்ணை மூடினார்.

"ரெண்டு மாசம்" என்றார்.

"என்ன ரெண்டு மாசம்?"

"அதோட ஆயுசு."

கடைசியில் எல்டன் பழைய ஆயிலில் ஒரு டம்ளர் மட்டும் புதியதோடு கலந்துகொள்ள ஒப்புக்கொண்டார், தயிருக்கு உறை குத்துவது போல. நால்வருக்கும் அது நியாயமாகப் பட்டது.

பழைய ஃபில்டர் கீழே வந்தபோது நான் பக்கத்தில் துணியோடு நின்றேன். அதன் குழாய் மொட்டையாக இருந்தது. புது ஃபில்டரின் குழாயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருந்தது. அப்படியென்றால் பழைய வளையம் எங்கே? மேலே துளைக்குள்ளேயே இருக்க வேண்டும். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் ராய்ஸ் தன் மச்சான் கார் செத்த கதையைத் தொடங்கியிருந்தார். அந்தக் கதை நீளம். எல்டன் புது ஃபில்டரை உள்ளங்கையால் மூன்று குத்துக் குத்தி ஏற்றிவிட்டார்.

தட்டைப் பூட்டி, ஆயில் ஊற்றி, காரை இறக்கினார். எங்கள் தெரு மேட்டின் மேல் இருக்கிறது. கடைவீதி வழியாகச் சரிவில் இறங்கினால் கீழே தானியக் கிடங்கு. ஹாரனை அடித்துக்கொண்டு வழுக்கிக்கொண்டு போனார். நால்வரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. அப்புறம் மேட்டின் விளிம்பில் காரின் பின்பக்கம் முதலில் தெரிந்தது. பிறகு திரும்பிய தலை ஒன்று, செம்பட்டையாக. முழு மேட்டையும் பின்னோக்கியே ஏறி வந்திருந்தார்.

"ரிவர்ஸ் எப்படி இருக்குன்னு பாத்தேன்" என்றார்.

"அரை மணி நேரமாவா?" என்றார் ராய்ஸ்.

நாற்காலிகள் மடங்கிய பிறகு, சமையலறையில் வளையத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சூப் கிண்ணத்தை நிறுத்திவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"ராய்ஸ் பேசிட்டிருந்தாரு."

"அவன் எப்ப பேசாம இருந்தான்?"

கிண்ணத்தை முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தார். பழைய வளையத்தின் மேல் புதியது உட்காராமல் இடுக்கு விட்டிருக்கிறது. அது கியர்பெட்டியின் முன்முனையில். கார் மூக்கைத் தூக்கினால் ஆயில் பின்னால் ஓடிவிடும். இடுக்கு வழியாகக் காற்றைத்தான் உறிஞ்சும். மூக்கு தாழ்ந்திருந்தால் ஆயில் முன்னால் தேங்கி இடுக்கை மூடிவிடும். அதனால் மேட்டில் பின்னோக்கி மட்டும் ஏறும். சமதளத்தில் முனகிக்கொண்டு நகரும்.

"கழட்டி மாத்திரலாமே?"

"வேற கேஸ்கெட் வேணும். நாளைக்கு வெள்ளிக்கிழமை கடை திறக்காது, திருவிழா வேலை. ராய்ஸ்கிட்ட வேணா இருக்கும்."

"கேக்கட்டுமா?"

கிண்ணத்தில் மிச்சமிருந்த சூப்பைக் குடித்தார். அதுதான் பதில்.

சனிக்கிழமை கார் தானாக ஓடி, சரிவில் இறங்கி, எட்டு ஐம்பதுக்குக் கிடங்கு வாசலில் நின்றது. மார்வெல்லா கடிகாரத்தைப் பார்த்தாள். ராய்ஸின் பிக்கப்பில் பரிசு பெற்ற பூசணியை ஏற்றினார்கள்.

இந்த வருட ராணி டெசா, பதினேழு வயது, பன்றிப் பண்ணைக்காரர் மகள். எல்டன் அவளிடம் ஏதோ சொன்னார்.

"திரும்பி உக்காரணுமா? அவ்ளோதானே ஸ்டக்கி சார்? நான் டிராக்டரே ரிவர்ஸ்ல ஓட்டுவேன்" என்றாள்.

பின்சீட்டின் முதுகில் ஏறி, டிக்கி மூடியின் மேல் காலை நீட்டி உட்கார்ந்தாள். ஊர்வலம் மேட்டில் ஏறியது, எங்கள் கார் ரிவர்ஸிலேயே. ராணி முதலில், கார் அவளுக்குப் பின்னால், காரின் மூக்கு ராய்ஸின் கண்ணாடிக்கு எதிரே.

ஒரு சங்கடம். எல்டன் திரும்பிப் பார்த்தால் தெரிவது அவளுடைய முதுகும் கவுனின் பெரிய ஆரஞ்சு நாடா முடிச்சும்தான். சாலை தெரியவில்லை. அவள் வலது கையால் கூட்டத்துக்குக் கையசைத்துக்கொண்டு, இடது கையால் வழி காட்டினாள்.

"லெஃப்ட்ல கொஞ்சம் சார்... நேரா... ஐயோ நாய், நாய்... போயிருச்சு. நேரா."

கூட்டம் அவளுடைய இரண்டு கைக்கும் பதிலுக்குக் கையசைத்தது. வங்கி வாசலில் போன வருடம் தள்ளிய பேண்டு வாத்தியக்காரர்கள் தயாராக ஒரு கையை விடுவித்து வைத்திருந்தார்கள். தேவைப்படவில்லை.

மேட்டின் உச்சியில், நீதிமன்ற வாசலில் போட்ட விழா மேடைக்கு நேர் எதிரே, சாலை சமமான இடத்தில் கார் நின்றது. ஆயில் சூடேறி இளகிவிட்டதால் அது அதற்குமேல் எந்தப் பக்கமும் நகர மறுத்துவிட்டது. ஏற்பாடு செய்து நிறுத்தியது போல இருந்தது. கைதட்டல். மார்வெல்லா மேடையிலிருந்து இறங்கி வந்தாள்.

"எதுக்கு எல்டன் இப்படி?"

"ஊர்வலம் ராணிக்கா, என் ரேடியேட்டருக்கா?"

அவள் யோசித்தாள். "மொத தடவையா புள்ள மூஞ்சிய எல்லாரும் நல்லா பாத்தாங்க. அடுத்த வருஷமும் இப்படியே வாங்க."

"பின்னால ஓட்டறதுதானே, நானும் ஓட்டுவேன்" என்று ராய்ஸ் ரிவர்ஸ் போட்டார். பிக்கப் வீல் வீலென்று கத்தியது. பின்னால் நின்ற ஒரு சிறுமியைக் கண்டு தானாகவே பிரேக் பிடித்தது. பூசணி உருண்டு கீழே விழுந்தது.

வீடு இன்னும் இரண்டு தெரு. காரைத் திருப்பி, பின்னாலிருந்து தள்ளித்தான் போக வேண்டியிருந்தது. அதற்கு யாரும் நிபந்தனை போட்டிருக்கவில்லை. ராய்ஸும் தள்ளினார். எல்டனுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டு முன்பக்கம் திரும்பவே இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பின்னால் தள்ளுபவர்களையே பார்த்துக்கொண்டு, "ராய்ஸ், நீ தள்ளல, சாஞ்சுட்டு வர" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

காருக்கு முன்னால் நான் நடந்தேன். யாராவது பார்க்க வேண்டுமே. "லெஃப்ட்ல!" என்று கத்தினேன். தெருவில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. எல்டன் உடனே ஸ்டீயரிங்கை ஒடித்தார்.