ஒரு துணைக்கால் அதிகம்

கடல் கடந்து வந்த ஊரில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் நான் குடியிருந்த கட்டடத்தில், எனக்கு நேர் கீழ் வீட்டில், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். நான் மதுரைக்காரன், கணினி வேலைக்காக வந்தவன். அவரை அண்ணே என்றும் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து அண்ணனுக்குக் குரல் போயிருந்தது. வாய் ஓயாமல் பேசிய மனிதர் அதற்குப் பிறகு மாதக்கணக்கில் யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் யன்னலோரம் உட்கார்ந்திருந்தாராம். அக்காதான் கெஞ்சிக் கூத்தாடி அவரை மடிக்கணினியின் முன் உட்கார வைத்தார். அவர் ஆங்கில எழுத்தில் தட்டுவார், அது தமிழாக மாறும், என்டரை அழுத்தினால் தகரத்தில் தட்டியது போன்ற ஒரு குரல் அதைப் படிக்கும். வீட்டில் பேச்சு திரும்பி வந்தது. கூடவே சண்டையும் வந்தது.

ஒருநாள் அப்படி ஒரு சண்டையின் நடுவில், அண்ணன் பதிலடியைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே, புதுப்பிக்கிறேன், அணைத்துவிடாதீர்கள் என்று திரை நீலமாகிவிட்டது. அது முடிவதற்குள் அக்கா தன் பக்க நியாயத்தை முழுதாகச் சொல்லி முடித்துச் சோறும் வடித்துவிட்டார். அதற்கு முன் வாரக்கணக்கில் வந்த அறிவிப்புகளை எல்லாம் ‘பேந்து’ என்று தள்ளிப்போட்டவரும் அக்காதான். பேந்து என்றால் அவர்கள் ஊரில் பிறகு. பிறகு என்ற பொத்தானை அழுத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அந்த வாரமே கணினியில் இருந்த இயங்குதளத்தை அழித்து, இனி யாரையும் எதுவும் கேட்காத ஒரு லினக்ஸைப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த லினக்ஸின் அடிப்பாகத்தில் யாரும் கைவைக்க முடியாது. புதிய பதிப்பு வந்தால் பழையதில் அங்கங்கே ஒட்டுப்போடாமல், முழு அமைப்பையும் ஓசையில்லாமல் பின்னால் இறக்கி வைத்துக்கொள்ளும். அணைத்துப் போடும்போது புதியதில் கண்விழிக்கும். பழையதும் பக்கத்திலேயே இருக்கும். இந்த ஊரில் ஜூலை முதல் தேதி எல்லோரும் வீடு மாறுவார்களே, அதுபோலத்தான். ஆனால் பழைய வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே மாறலாம். நம் சொந்தச் சாமான் தனி அறையில் பூட்டியிருக்கும், அதை யாரும் தொடமாட்டார்கள். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. கோயிலுக்குப் போகும் நாளில் ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். குளிர்காலம் முழுவதும் எந்தப் புகாரும் இல்லை.

ஒரு சனிக்கிழமை துணி துவைக்கக் கீழே இறங்கியபோது, சலவை அறையில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, இவர் கதைக்கிறதை விட்டிட்டார். பழையபடி யன்னலுக்குள்ளாலை பாத்துக்கொண்டு இருக்கிறார்.”

நடந்ததைச் சொன்னார். அண்ணன் வெளியே கிளம்பும்போது கணினி “கடைக்குப் போறான்” என்றிருக்கிறது. யார் போகிறான் என்று அக்கா வாசலுக்கு ஓடிப் பார்த்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் “சாப்பிடுறான்” என்றிருக்கிறது. அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணன் மூடியைச் சாத்தியவர்தான், அதன்பின் திறக்கவில்லை. இந்த முறை திரும்ப உட்கார மாட்டார் என்று அக்கா பயந்தார். எனக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது.

போய்ப் பார்த்தேன். எதையாவது தட்டுங்கள் அண்ணே என்றதற்குத் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு டெப்பனர் என்கிற மூலைக்கடையிலிருந்து வந்த காகிதப் பை ஒன்றை இழுத்து அதன்மேல் எழுதினார்: “இது என்னை அவன் எண்டுது.”

விஷயம் இதுதான். நான் போகிறேன் என்பதை யாழ்ப்பாணத்தில் ‘போறன்’ என்பார்கள். புதிய பதிப்பு, தட்டும் சொற்களைத் தானாகத் திருத்தும் வசதி ஒன்றைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தது. அதன் அகராதிக்குப் போறனைத் தெரியாது. பக்கத்தில் தெரிந்த சொல்லைப் பிடித்து, ஒரு துணைக்காலைச் சேர்த்து, ‘போறான்’ ஆக்கிவிட்டது. அண்ணன் திரையைப் பார்ப்பதில்லை, பேசுகிறவரின் முகத்தைத்தான் பார்ப்பார். தன்னிலையெல்லாம் படர்க்கையாகிவிட்டதை அவர் தன் காதால்தான் கேட்டிருக்கிறார், அதுவும் மனைவி சிரிக்கும்போது. யாரும் கேட்காமலேயே அடுத்தவர் தமிழைத் திருத்த முன்வந்த அந்த முகம் தெரியாத ஆள்மேல் எனக்குக் கோபமாக வந்தது.

கணினியை அணைத்துப் போட்டு, முதலில் வரும் பட்டியலில் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். நானே தட்டிப் பார்த்தேன். “போறன்” என்றது சுத்தமாக. அக்காவுக்கு முகம் மலர்ந்தது.

“இனி இதுக்கு ஒண்டும் வரவேண்டாம் தம்பி. இப்பிடியே நிக்கட்டும்.”

செய்யலாம். பழைய பதிப்பை ஆணியடித்து நிறுத்த ஒரே ஒரு கட்டளை போதும். ஆனால் வங்கிக் கணக்கும் மருத்துவமனைக் கடிதங்களும் அதே கணினியில்தான் இருந்தன. புதுப்பிக்காத கணினி பூட்டாத வீடு. முடியாது என்று சற்றுக் கறாராகவே சொல்லிவிட்டேன். இரக்கமில்லாதவனைப் பார்ப்பது போல அக்கா என்னைப் பார்த்தார். திருத்தும் வசதியை அடியோடு நிறுத்தவும் வழியில்லை. நிறுத்தினால், இரண்டு எழுத்துத் தட்டியதும் முழுச் சொல்லை எடுத்துக் கொடுக்கும் வசதியும் கூடவே போய்விடும். அது இல்லாமல் அண்ணன் பதில் சொல்லி முடிப்பதற்குள் எதிரே இருப்பவர் எழுந்து போயிருப்பார்.

மிச்சமிருந்தது ஒரு வழிதான். அவருடைய சொற்களை அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவை அவருடைய சொந்த அறையில் சேமிக்கப்படும், எந்தப் புதுப்பிப்பும் அங்கே வராது. மறுபடி கணினியைப் புதிய பதிப்பில் இயக்கி, அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நீங்கள் உங்களைப் பற்றிச் சொல்லும் சொற்களாகத் தட்டுங்கள் அண்ணே, நான் பக்கத்தில் இருக்கும் வரை யாரும் சிரிக்க மாட்டார்கள் என்றேன். அக்கா சமையலறைக்குள் போய்விட்டார்.

வேண்டாவெறுப்பாக ‘வாறன்’ என்று தட்டினார். அது ‘வாரான்’ ஆனது. நான் திருத்திச் சேமித்தேன். இரண்டாம் முறை சரியாக வந்தது. நிக்கிறன், படுக்கிறன், கேக்கிறன் என்று போனோம். எங்கேயோ ஓரிடத்தில் என் கையைத் தள்ளிவிட்டுத் துணைக்காலைத் தானே அழிக்கத் தொடங்கினார். நான் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தேன்.

அவர் இன்னொரு சொல்லைத் தட்டித் திருத்தினார். மறுபடி தட்டிவிட்டு, இந்த முறை சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பி என்டரை அழுத்தினார்.

“இருக்கிறன்” என்றது கணினி.

அக்கா அதைச் சோதனை என்று நினைக்கவில்லை. அடுப்பை விட்டுத் திரும்பாமலே பதில் சொன்னார்.

“ஓம், இருங்கோ. வாறன்.”