முந்நூறு குஞ்சுகளும் ஒரு ரப்பர் குழாயும்

இரண்டு வருஷத்துக்கு முன், சித்திரை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் நடந்தது இது. சந்தவாசலில் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கிறேன். வாராவாரம் என் பழைய காரில் குஞ்சுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு மலை ஏறுவேன். அன்று முந்நூறு குஞ்சுகள். முதன்முதலாகக் கோழி வளர்க்கப்போகும் மகளிர் குழு ஒன்று, கூண்டெல்லாம் கட்டிவிட்டு மேலே காத்திருந்தது.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான், கார் வழியில் நின்றுபோனால் உதவிக்கு வரும் திட்டம் ஒன்றில் சேர்ந்திருந்தேன். முகவர் நாலைந்து திட்டங்களைக் காட்டி, "அதிகமா எங்கங்க ஓட்டுவீங்க?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நான்தான், வருஷத்துக்கு ஒருமுறை திருப்பதி போவதை நினைத்துக்கொண்டு, "லாங் டிரிப்தாங்க" என்று பெருமையடித்தேன். வெளியூரில் நின்றால் ஓட்டல் அறை, ஊர் திரும்ப விமான டிக்கெட், தொலைந்தால் மாற்றுச் சாவி. இதையெல்லாம் பார்த்து மயங்கிக் கையெழுத்துப் போட்டேன். வாராவாரம் ஏறுகிற மலை ஞாபகத்துக்கே வரவில்லை.

அன்று ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் பானட்டிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. ஓரம் கட்டினேன். போனில் சிக்னல் இல்லை. வளைவுவரை நடந்துபோய், ஒரு கோடு சிக்னலைப் பிடித்து உதவி எண்ணுக்குப் பேசினேன். எதிர்முனைப் பெண் ரொம்ப மரியாதையாக, "மலைப்பாதைக்கு வண்டி அனுப்ப முடியாது மேடம். அடிவாரத்துக்குக் கொண்டுவந்துட்டீங்கன்னா எடுத்துக்குறோம்" என்றார்.

காரைத் தலையில் சுமந்துகொண்டா இறங்குவது? வந்த கோபத்தில் போனைப் பள்ளத்தில் வீசியிருப்பேன். வெயில் ஏறியது. காருக்குள் குஞ்சுகளின் சத்தம் குறைய ஆரம்பித்தது. சூடு தாங்காத குஞ்சு வாயைத் திறந்து இரைக்கும், பிறகு சாய்ந்துவிடும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போது, வாராவாரம் எதிரே பார்க்கிற பேருந்து மேலிருந்து இறங்கிவந்து, நான் கையைக் காட்டாமலே நின்றது. கண்டக்டர் இறங்கி காருக்குள் பார்த்தவர், "இன்னாம்மா நீங்க, மொதல்ல அதுங்கள நெழலுக்கு எறக்குங்க. காரு எங்க ஓடிடப் போவுது?" என்று அதட்டினார். பயணிகள் ஏழெட்டுப் பேர் பெட்டிகளைப் புளியமரத்தடிக்கு மாற்றினார்கள். ஒருவர் தழை ஒடித்து, வருகிற வண்டிகளுக்கு அடையாளமாகக் காருக்குப் பின்னால் ரோட்டில் போட்டார். ஆவி அடங்கியதும் டிரைவர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, வெடித்திருந்த ரேடியேட்டர் குழாயைக் கழற்றினார்.

"அளவு பாக்காம வாங்கினா ஒண்ணுக்கும் ஆவாது. இத கீழ கடையில காட்டி, ஏறி வர்ற பஸ்ல புதுசு குடுத்து அனுப்புறோம்" என்றார்.

இவ்வளவு நேரமும் பேருந்து நிறைய ஆட்கள். ஒருவர்கூட "லேட்டாவுது" என்று முணுமுணுக்கவில்லை. நான் நன்றி சொல்ல வாயெடுத்ததும் கண்டக்டர், "நிக்கிற வண்டிய வுட்டுட்டுப் போனா, நாளைக்கு நாங்க இந்த ரோட்ல எப்டிம்மா வர்றது?" என்று கேட்டுவிட்டு விசில் ஊதினார்.

ஒன்றரை மணி நேரத்தில் ஏறும் பேருந்து வந்தது. குழாயோடு இரண்டு கேன் தண்ணீரும் வந்திருந்தது. நான் அதைக் கேட்கக்கூட இல்லை. அந்தப் பேருந்தின் டிரைவர் பத்தே நிமிஷத்தில் குழாயை மாட்டிவிட்டு, "குஞ்சுங்க பஸ்ஸுல காத்தாட வரட்டும், நீங்க மெதுவா பின்னாலயே வாங்க" என்றார். பெட்டிகள் பயணிகளின் மடிகளில் ஏறின. முன்னால் போன பேருந்தின் ஜன்னலெல்லாம் கீச்கீச் சத்தம். பின்னால் நான் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் ஓட்டினேன். மேலே போய்ப் பார்த்தால் நாலே நாலு குஞ்சுகள்தான் செத்திருந்தன.

அடுத்த முறை முகவரிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்: மலைக்கு வண்டி வருமா? வரும் என்று எழுதிக் கொடுத்த எளிய திட்டம் ஒன்றை எடுத்திருக்கிறேன். விமான டிக்கெட் கிடையாது. இப்போதும் எதிரே அந்தப் பேருந்து வந்தால் ஒதுங்கி வழிவிட்டுக் கையைத் தூக்குகிறேன்; நான் இந்த மலை ரோட்டில் ஓட்டுகிறவள் என்பது என்னைவிட அந்தப் பேருந்துக்காரர்களுக்குத்தானே முதலில் தெரிந்திருந்தது.