எண்ணிக்கையில் ஓர் ஆள் குறைவு

எங்கள் வீட்டுக்கு விளையாட ஒரு பிள்ளையும் வராது. வீட்டில் குறை ஒன்றுமில்லை. சப் ஜெயிலின் சுவரோடு அது ஒட்டியிருந்ததுதான் குறை. சேலத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊர், வெள்ளைக்காரன் காலம். அப்பா அந்த ஜெயிலில் தலைமை வார்டர்.

எனக்கு எட்டு வயது. அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். மாற்றலாகி வந்த இடத்தில் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஆளில்லாமல், மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றிருந்தது. அம்மா வந்ததும் சேர்க்கலாம் என்றார்கள். அப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை. பகல் முழுக்க நானும் கிணற்றடிக் காக்கைகளும்தான். அப்பா வரக் கொஞ்சம் பிந்தினாலும், கைதிகள் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று முடிவு கட்டி, யாரிடம் போய் அழுவது என்றுகூட யோசித்து வைத்துவிடுவேன். இப்போதும் அந்தப் புத்தி போகவில்லை.

அப்பாவுக்கு அடிக்கிற கை கிடையாது. உள்ளே வருகிறவனிடம் அவர் முதலில் கேட்பது, “ஊர்ல என்ன வேல செஞ்சே?” என்பதுதான். உழவு தெரிந்தவனுக்குக் கீரைப்பாத்தியைக் கொடுப்பார். சவரம் தெரிந்தவனுக்குக் கத்தியைக் கொடுப்பார்.

“கைதி கையில கத்தியக் குடுக்கறீங்களே!” என்று சின்ன வார்டர் குதிப்பார்.

“குடுக்காம வெச்சிருந்தா மட்டும் நல்லவனாயிருவானா?” என்பார் அப்பா.

ஆனி மாதக் காற்றில் எங்கள் வீட்டு ஓடுகள் நகர்ந்துவிட்டன. ஆட்டையாம்பட்டிப் பக்கத்துக் கைதி ஒருவருக்கு ஓடு மாற்றத் தெரியும். அவரை நான் ஓட்டுக்காரர் என்றே சொல்கிறேன். ஜெயிலில் அவருக்கு நம்பர்தான் பெயர். கைதியை வார்டர் வீட்டு வேலைக்கு விடக்கூடாது என்பது சட்டம். இதுவும் சர்க்கார் வீடுதானே என்று அப்பா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒரு கைதியைக் கூட்டிக்கொண்டு சேலம் கோர்ட்டுக்குப் போகவேண்டிய நாளில், விடியற்காலையிலேயே ஓட்டுக்காரரை எங்கள் வீட்டில் விட்டார். எங்கள் முற்றத்தில் திறக்கும் ஜெயிலின் பக்கவாசலைத் தாழிடாமல் சும்மா சாத்தி வைத்தார். ஆள் கீரைப்பாத்தியில் இருப்பதாகச் சின்ன வார்டரிடம் சொல்லியாயிற்று.

“நாலு மணி அடிச்சதும் எறங்கி உள்ள போயிரப்பா. அஞ்சு மணிக்கு ஆள் எண்ணுவாங்க.”

“சரிங்க” என்றார் ஓட்டுக்காரர். காவல் இல்லாமல் இருபதடி நடக்கவேண்டும். அவ்வளவுதான்.

அன்றைக்குப் போல நான் பேசிய நாள் கிடையாது. அவர் மேலே, நான் கீழே. உடைந்த ஓட்டைத் தட்டிக்கொண்டே பேசுவார்.

“மேல இருந்து பாத்தா ஊர்ல பாதிப்பேர் வழுக்கைங்க சாமி. உங்கப்பாரும் அந்தக் கட்சிதான்.”

கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் பங்காளியின் மண்டையை உடைத்துவிட்டு வந்தவர் அவர். “இன்னும் ஒம்பது நாளுங்க சாமி. ஆடி பொறந்ததும் போயிட்டன்னா கடலை வெதச்சிருவேன். இல்லீன்னா எம்பங்காளி ஏரப் பூட்டிருவான். பொறவு அந்தக் காட்டுக்குள்ள நான் கால் வெக்க முடியாதுங்க” என்றார்.

நாலு மணி அடிக்க நேரமாகிவிட்டது. அவர் போய்விடுவார். அப்பாவின் பஸ் வர ஐந்தரை ஆகும். அவர் ஓட்டின் மறுசரிவில் இருந்தபோது, ஏணியின் காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அது சுவரைத் தேய்த்துக்கொண்டு போய்த் தடால் என்று விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

மணி அடித்தது. மேலேயிருந்து தலை எட்டிப் பார்த்தது. “ஏஞ்சாமி, ஏணி எங்கீங்க?”

“உழுந்துருச்சு.”

“எடுத்து நிறுத்துங்க கண்ணு. நான் போகோணும்.”

“அப்பா வார வரைக்கும் இருங்க.”

“உங்கப்பாரு வாரதுக்குள்ள நான் உள்ள இருக்கோணுமுங்க. வெய்யுங்க, ஒரு கதை சொல்றேன்.”

“மொதல்ல கதை.”

பாவம், சொன்னார். ஒரு குரங்கும் சுரைக்காயும் வரும் கதை. நடுநடுவே பக்கவாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது, ஏனென்றால் பாதியில் அவர் நிறுத்திவிட்டுக் கும்பிட்டார். பெரியவர் ஒருவர் என்னைக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை. பயந்துபோய் ஏணியைத் தூக்கினேன். முழங்கால் வரைக்கும் வந்தது. மூங்கில் ஏணி அவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. மறுபடி தூக்கினேன். விரலை நசுக்கிக்கொண்டேன். அதற்குள் ஐந்து மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் அதே மணி ஓயாமல் அடிக்கத் தொடங்கியது. ஆள் குறைகிறது என்றால் அப்படித்தான் அடிப்பார்கள்.

ஓட்டுக்காரர் முற்றத்துச் சரிவில் குப்புறப் படுத்துக்கொண்டார். “உள்ள போயிருங்க சாமி” என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். முற்றத்துப் பக்கம் இரண்டு ஆள் உயரம், கீழே கல் பாவிய தரை. சாலைப் பக்கம் மேடு. தப்பிக்க நினைத்தால் ஓட்டிலிருந்து ஒரு சின்னக் குதிதான். சின்ன வார்டரும் போலீசும் சோளக்காட்டில் தேடிக்கொண்டிருந்தார்கள். சாலையில் ஈ காக்கை இல்லை. அவர் அசையவில்லை. குரல் கொடுத்திருந்தாலாவது ஆள் ஓடவில்லை என்று தெரிந்திருக்கும். ஆனால் தலைமை வார்டர் வீட்டு ஓட்டின்மேல் கைதி இருப்பதும் தெரிந்திருக்கும். அப்பா வந்துவிட்டால் சத்தமில்லாமல் முடிந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

பஸ் சத்தம் கேட்டதும் முகட்டில் ஏறி உட்கார்ந்து அப்பாவுக்குக் கையைக் காட்டினார். அப்பா பார்த்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். ஊரெல்லாம் தேடிய ஆள், ஜெயில் சட்டையும் குல்லாயுமாக ஊருக்கு உச்சியில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மாஜிஸ்திரேட் எங்கள் முற்றத்திலேயே விசாரித்தார். நான் கதவுக்குப் பின்னால் பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“ஏணி எப்படி விழுந்தது?”

“எங்கால் பட்டு உழுந்துருச்சுங்க எசமான்.”

“விழுந்தால் கத்துவதற்கு என்ன?”

“புத்தி இல்லீங்க.”

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று இந்த வயதிலும் எனக்கு உறுதியில்லை. அப்பாவின் சட்டைக்கையில் இருந்த பட்டை போயிற்று. சின்ன வார்டர் தலைமை வார்டர் ஆனார். ஓட்டுக்காரருக்கு இன்னொரு மாதம் கூடியது. ஆடி முழுக்க அவர் உள்ளே இருந்தார். அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தெரியாது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

விடுதலையான காலையில் ஓட்டுக்காரர் கக்கத்தில் துணி மூட்டையோடு எங்கள் ஜன்னலுக்கு வந்தார். தன் வேட்டியில் அவர் வேறு ஆளாக இருந்தார். அப்பா வேலையில் இருந்தார். அம்மா இன்னும் வந்தபாடில்லை.

“ஏஞ்சாமி, அம்மா வந்துட்டாங்களா? ஊட்ல தொணைக்கு ஆராச்சும் இருக்காங்களா?”

நான் தனியாக இருக்கிறேனா என்று வேவு பார்க்கிறார், அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

“வந்துட்டாங்க. உள்ள சோறாக்கறாங்க” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. “நல்லதாப் போச்சு. இனிமே ஆரையும் புடிச்சு வெக்க வேண்டியதில்லீங்க சாமி” என்று சிரித்தார். கடலைக் காட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூட்டையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு சாலையில் இறங்கி நடந்தார்.

நான் ஜன்னலைச் சாத்தினேன். அப்புறம், ஆளில்லாத அடுப்படியைப் பார்த்து, அவர் காதில் விழட்டும் என்று உரக்கச் சொன்னேன்: “அம்மா, அவரு போயிட்டாரு!”

எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.