முதல் கியரில் நின்ற வண்டி

எங்கள் சிறிய காரை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மேனுவலுக்கு மாற்றும் வேலை ஆனி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குத் தொடங்கி, அடுத்த வார ஞாயிறு மாலை ஐந்தரைக்கு முடிந்தது. இடையில் இரண்டு நாள் மழை. கழற்றிய போல்ட்டுகளை எந்தெந்த டப்பாவில் போட்டோம் என்பது வரை என் நாட்குறிப்பில் இருக்கிறது. அதில் எழுதாமல் விட்ட ஒன்றைப் பற்றித்தான் இது.

வண்டி என் பெயரில் இருந்தாலும் ஓட்டுகிறவள் என் மனைவி. பிள்ளைப்பாக்கத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனின் ஸ்டோருக்குத் தினமும் போக வேண்டும். பல வருடம் ஷேர் ஆட்டோவிலும் என் பைக்கின் பின்னாலும் போய்வந்தாள். டிரைவிங் ஸ்கூலில் இரண்டு முறை சேர்ந்து, இரண்டு முறையும் கிளச்சை விடும்போது கால் நடுங்குகிறது என்று பாதியில் நின்றுவிட்டாள். நாற்பத்திரண்டாவது வயதில், இடது காலுக்கு வேலையே இல்லாத இந்த வண்டியை வாங்கிய பிறகுதான் ஓட்டக் கற்றாள். அதன் பிறகு "என்னைக் கொண்டுபோய் விடு" என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த வண்டி முழு ஆட்டோமேட்டிக் அல்ல. உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். நாம் கையாலும் காலாலும் செய்வதை அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு மோட்டார்ப் பெட்டி செய்யும். அந்தப் பெட்டி பழுதாகி, ஒரகடம் சாலையில் இரண்டு முறை அவளை நடுவழியில் நிறுத்தியது. பின்னால் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றன. புதுப் பெட்டி எப்போது வரும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லத் தெரியவில்லை.

"அத கழத்தித் தூரப் போட்டுட்டு மேனுவலா மாத்திருவோம் அண்ணாச்சி. ரெண்டு லீவு நாளு சோலிதான்" என்றார் எங்கள் மாடிப் போர்ஷன்காரர். திருநெல்வேலிப் பக்கம். நான் வேலை செய்யும் அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர்.

மனைவி கேட்டது ஒன்றுதான். "அப்போ நான் இன்னா பண்றது?"

"கத்துக்கலாம்" என்றேன்.

புதுப்பேட்டையில் தேடி கிளச் பெடல் செட், கேபிள்கள், கியர் கம்பி எல்லாம் வாங்கினோம். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் இன்ஷூரன்ஸுக்கும் எழுதிய கடிதங்களின் நகல்களைத் தேதி போட்டு ஓர் உறையில் வைத்தேன். எல்லாம் பொருந்தியது. ஆனால் கடைசி ஞாயிறு சாயங்காலம் சாவியைத் திருப்பினால் வண்டி உயிர் பெறவில்லை. பழைய ஏற்பாட்டில் கியர் நியூட்ரலில் இருந்தால்தான், பிரேக்கை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அதைச் சரிபார்த்து அனுமதி கொடுத்த பெட்டியைத்தான் நாங்கள் கழற்றிவிட்டோமே. மேனுவலில் அதற்குப் பதில், கிளச்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆக விடும் ஒரு சிறிய ஸ்விட்ச் பெடலுக்கு மேல் இருக்கும். எங்கள் பெடல் செட்டில் அந்த இடம் உடைந்து காலியாக இருந்தது.

"இப்போதைக்கு ரெண்டு வயரையும் சேத்து விட்டுருவோம். ஸ்விட்சு பொறவு வாங்கிப் போட்டுக்கிடலாம்" என்றார் ஃபிட்டர்.

தொழிற்சாலையில் என் வேலையே இதற்கு எதிரானதுதான். பிரஸ் மெஷினில் கையை விட்டால் மெஷின் நிற்கும்படி வைத்திருக்கும் சென்சாரை, உற்பத்தி தாமதமாகிறது என்று யாராவது வயரால் இணைத்துவிட்டால் நான் ரிப்போர்ட் எழுதுவேன். தற்காலிகமாகச் செய்வதென்றாலும் ரிஜிஸ்தரில் பதிந்து, மெஷினில் சிவப்பு அட்டை தொங்கவிட வேண்டும். அட்டையில் தேதி, பெயர், காரணம்.

ஃபிட்டருக்கு இது தெரியும். ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "எங்க லைன்ல இதச் செஞ்சா எழுதிருவியளே. செவப்பு அட்டை தொங்க விடட்டுமா அண்ணாச்சி?" என்றார்.

நான் சிரித்தேன். வண்டி ஸ்டார்ட் ஆனது. அன்றைய குறிப்பில் "5.30. இன்ஜின் ஓடியது. ஸ்விட்ச் வாங்க வேண்டும்" என்று மட்டும் எழுதினேன். பழைய கப்பல்களின் நாட்பதிவுகளை விரும்பிப் படிப்பவன் நான். மூழ்குவதற்கு முந்தைய நாளின் பக்கத்திலும் காற்றின் திசைதான் சுத்தமாக எழுதப்பட்டிருக்கும்.

மறுநாளிலிருந்து ஒன்பது சாயங்காலம் அவள் பழகினாள். எங்கள் ஊருக்கு வெளியே மனை போட்டு விற்காமல் கிடக்கும் லேஅவுட்டில் தார் ரோடு இருக்கிறது, ஆள் கிடையாது. வண்டி குலுங்கி நின்றது, மறுபடி நின்றது. நான்காம் நாள் ஒரே சீராக மூன்றாவது கியர் வரை போனாள். பத்தாம் நாள் காலை தனியாக வேலைக்குப் போனாள். இரண்டு நாள் போய்வந்தாள். ஸ்விட்ச் வாங்க வேண்டும் என்பது குறிப்பில் அப்படியே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை எனக்குக் காலை ஏ ஷிப்ட். ஏழரை மணி சுமாருக்கு பிரஸ் ஷாப்பில் ஒரு மெஷினின் கதவு சென்சாரை மதியம் வரை பைபாஸ் செய்ய அனுமதி கேட்டு ரிஜிஸ்தர் வந்தது. கட்டம் கட்டமாகப் படித்துக்கொண்டு வந்தேன். கடைசிக் கட்டம்: "யாருக்குத் தெரிவிக்கப்பட்டது?" அது காலியாக இருந்தது.

"யாருகிட்டயும் சொல்லலியா?" என்று கேட்டேன்.

"ஆப்பரேட்டர் வந்ததும் சொல்லிக்கலாம் சார். அவுரு இன்னும் வரல" என்றார் கொண்டுவந்தவர்.

அப்போதுதான் எங்கள் வண்டி நினைவுக்கு வந்தது. முந்தின நாள் மாலை பால் வாங்க வண்டியை எடுத்துப்போய்த் திரும்பியவன் நான். வீட்டு வாசல் சரிவில் ஹேண்ட்பிரேக் சரியாகப் பிடிக்காது என்று முதல் கியரைப் போட்டு நிறுத்தினேன். மேனுவல் ஓட்டிப் பழகிய யாரும் செய்வதுதான். அவளோ ஆட்டோமேட்டிக்கில் பழகியவள். பிரேக்கை மிதித்துச் சாவியைத் திருப்புவாள். கிளச்சை மிதிக்க வேண்டும் என்று கால் தானாக நினைக்காது. மிதிக்காவிட்டால் கியரில் இருக்கும் வண்டி முன்னால் குதிக்கும்; அதைத் தடுக்கும் ஸ்விட்ச் இல்லை. வயரை இணைத்திருப்பதை நான் அவளிடம் சொல்லவேயில்லை. வண்டி கேட்டைப் பார்த்து நிற்கிறது. அந்த வாரம் நைட் ஷிப்டில் இருந்த ஃபிட்டர் ஏழரை பஸ்ஸில் வந்து இறங்கி, மதினிக்குக் கேட்டைத் திறந்துவிடுகிறேன் என்று தினமும் வண்டிக்கு முன்னால்தான் நிற்பார்.

அவள் புறப்படும் நேரம் ஏழு ஐம்பது. எங்கள் ஷாப்புக்குள் போன் கூடாது; லாக்கரில் வைக்க வேண்டும். நான் லாக்கர் அறைக்கு ஓடினேன். தொழிற்சாலைக்குள் ஓடக் கூடாது என்று போர்டு வைத்ததும் நான்தான். முதல் அழைப்பு ஏழு நாற்பத்து நான்கு. முழுதும் அடித்து நின்றது. மறுபடி அடித்தேன். ஃபிட்டரின் போன் சுவிட்ச் ஆஃப். நான்காவது முறை, ஐந்தாவது முறை. வண்டி ஓட்டும்போது அவள் போன் எடுக்க மாட்டாள் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் ஏழு ஐம்பதுக்கு முன் அவள் ஓட்டிக்கொண்டிருக்க முடியாதே என்று உடனே கணக்கு வந்தது. உள்ளங்கை வியர்த்து திரை வேலை செய்யவில்லை. சட்டையில் துடைத்துக்கொண்டு அடித்தேன்.

எட்டு பதினேழுக்கு அவளே கூப்பிட்டாள்.

"இன்னா, எட்டு வாட்டி அடிச்சிக்கீற? போனு பையில சைலன்ட்ல கெடந்துச்சி. வூட்ல எதனா பிரச்சனையா?"

"எங்க கீற?"

"எங்க இருப்பேன். வேலைக்கு வந்துட்டேன். பார்க்கிங்ல கீறேன்."

"வண்டி... ஸ்டார்ட் பண்றப்போ குதிக்கலியா? கியர்ல வுட்டுட்டு வந்துட்டேன்."

அவள் சாதாரணமாகச் சொன்னாள். "பாத்தேன். எடுத்து நியூட்ரல்ல போட்டுட்டுதான் சாவிய தொட்டேன். அது குதிக்கும்னு எனக்குத் தெரியும். மொத நாளே குதிச்சிச்சி."

"எப்போ?"

"லேஅவுட்ல. நீ எறங்கி அந்த மனை புரோக்கர் கிட்ட பேசிக்கினு இருந்தியே, அப்போ. ஒரு முழம் முன்னாடி போயி கல்லுல இடிச்சி நின்னுச்சி. அன்னையிலருந்து கம்பிய ரெண்டு பக்கமும் ஆட்டிப் பாக்காம சாவிய தொடறதில்ல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, உனக்கு வராது, நானே கொண்டு வுடறேன்னு சாவிய வாங்கி வச்சிப்ப. மறுபடி பைக் பின்னாடி உக்கார என்னால ஆவாது."

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஷிப்ட் முடிந்ததும் ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஸ்விட்ச் கிடைத்தது. தூங்கி எழுந்த ஃபிட்டர் ஒரு தகடு வெட்டிப் பொருத்தி, இணைத்த வயரைப் பிரித்து முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. காலையில் அவர் கேட்டுக்கு முன்னால்தான் நின்றாராம். "மதினி கை காட்டி, தள்ளி நில்லுங்கன்னாவ. எதுக்குன்னு வெளங்கல. கோவமாக்கும்னு நெனச்சேன்" என்றார். நான் காரணத்தைச் சொன்னபோது ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தார்.

ஐந்தே முக்காலுக்கு அவள் வந்தாள். அன்று வண்டியைக் கேன்டீன் பார்க்கிங்கிலிருந்து நான்தான் மதியமே போய் எடுத்து வந்திருந்தேன். ஷேர் ஆட்டோவில் வந்த எரிச்சல் முகத்தில் இருந்தது. கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சீட்டில் உட்கார்ந்தாள்.

"முதல் கியர் போடு. கிளச்ச வுட்டுடு. பிரேக் மட்டும் மிதி" என்றேன். பூட்டு சரியாகப் பூட்டுகிறதா என்று உடைத்துப் பார்ப்பதுதான் எங்கள் சோதனை.

"ரெண்டு பேரும் ஓரமா போங்க" என்றாள். போனோம்.

சாவியைத் திருப்பினாள். சத்தமே இல்லை. மறுபடி திருப்பினாள். மூன்றாம் முறையும்.

"மதினி, இன்னுமா நம்பிக்க வரல?"

"நீங்க ரெண்டு பேரும் செஞ்ச வேலையாச்சே."

பிறகு கிளச்சை மிதித்துத் திருப்பினாள். இன்ஜின் ஓடியது. அணைக்கவில்லை. "கேட்டத் தொற. குன்றத்தூர் வரைக்கும் போயிட்டு வரேன்" என்றாள். நான் கேட்டைத் திறந்து, கதவோடு சேர்ந்து ஒதுங்கி நின்றேன்.

அன்றிரவு பழைய ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை எடுத்து, "வயர் இணைக்கப்பட்டது. யாருக்கும் தெரிவிக்கவில்லை" என்று சேர்த்து, சேர்த்த தேதியையும் போட்டேன். என் வார லீவு நாட்களில் காலை ஏழு ஐம்பதுக்கு அவள் கியர் கம்பியை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்ப்பது அறைக்குள் கேட்கும். அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட்டர் சத்தம். இனி அது தேவையில்லை என்று நான் இன்னும் சொல்லவில்லை.