முனியாண்டிக் கோயில் வளைவில் வந்த வயிற்றுவலி

பக்தர்களே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சென்ற ஆண்டு முழுக்க என் வயிறு என் பேச்சைக் கேட்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளைத் தஞ்சோங் காராங் ஊர்ப் பள்ளிக்கு வேனில் ஏற்றிச் செல்பவள் நான். தினமும் காலையில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்குள் இருக்கும் முனியாண்டிக் கோயில் வளைவு வந்ததும் குடல் முறுக்கும். பிள்ளைகளை வேனில் விட்டுவிட்டுப் புதருக்குள் ஓடுவேன். ஐயோ, அந்த அவமானம்! ஒரு தாய் சொல்லியே விட்டாள்: "அக்கா, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நாங்க வேற வேன் பாத்துக்குவோம் லா." அந்த வேன்தான் என் பிழைப்பு.

அந்த வளைவில் மட்டும் ஏன்? அந்த வழியாகப் போகும் வண்டிகள் சாமிக்கு ஹார்ன் அடித்துவிட்டுத்தான் போகும்; ஒரு நாள் அவசரத்தில் நான் அடிக்காமல் தாண்டியிருந்தேன். முனி பிடித்துக்கொண்டார் என்றே நம்பினேன். பூசாரியைக்கூடக் கேட்காமல் நானே ஒரு விரதம் வகுத்தேன். சாமி காலடியில் வைத்த எலுமிச்சையைத் தினமும் வெறும் வயிற்றில் பிழிந்து குடிப்பேன். பிறகு ஒரு கெட்டிப் பால் தேநீர். மதியம்வரை வேறு எதுவும் தொடமாட்டேன். வலி கூடிக்கொண்டே போனது.

பள்ளி விடுமுறையில் ஒரு காலை, தனியாகக் கோயிலுக்குப் போனேன். ஒரே மூடுபனி. ஒரு குருவிகூடக் கத்தவில்லை. "சாமி, முடியல. ஒனக்கு என்னதான் வேணும்?" என்று கதறினேன்.

காதோரத்தில் ஒரு பெண் குரல் கேட்டது. "சாப்பிட்டியா?"

திரும்பினேன். யாருமில்லை. ஈர மண்ணில் என் காலடி மட்டும்தான் இருந்தது. வாய் தானாகச் சொன்னது: "இல்ல."

வெறும் வயிறுதான் வினையோ என்று தோன்ற, அன்றே கிளினிக்குக்குப் போனேன். எலுமிச்சைக் கதையைக் கேட்ட டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பரிசோதனைகளில் புண்ணோ கட்டியோ இல்லை. "இது எரிச்சல் குடல் நோய். அங்க போனா வலிக்கும்னு பயந்து பயந்தே வலிக்குதும்மா" என்றார். எலுமிச்சையை நிறுத்தினேன், பாலையும் காரத்தையும் குறைத்தேன். விடியலில் கொஞ்சம் கஞ்சி குடித்தேன். புறப்படுமுன் கண்ணை மூடி மெதுவாக மூச்சு விட்டேன். சில வாரங்களில் அந்த வளைவை நிற்காமல் கடந்தேன். வேனிலேயே அழுதுவிட்டேன். இன்றும் சில நாள் முறுக்கும், ஆனால் பயமில்லை.

பூசாரி மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஆம்பள குரலா, பொம்பள குரலா?" என்று கேட்டார்.

"பொம்பள."

மாமா செம்பனைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். "அப்ப அது முனி இல்லம்மா. யாருன்னு கேக்காத. வேளைக்குச் சாப்பிடு, போதும்."

நானும் கேட்கவில்லை. நன்றி மட்டும் சொல்கிறேன். என்னைப்போல் தவிப்பவர்களே, கும்பிடுங்கள், டாக்டரிடமும் எதையும் மறைக்காதீர்கள். மனதார அழைத்தால் பதில் வரும். யார் பதில் சொல்வார்கள் என்பதுதான் நம் கையில் இல்லை.