ஓசி சிஸ்டமும் ஒரு காதுகுத்து பானரும்

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சந்துல என் கடை கீது. பானர் டிசைன் பண்ற கடை. வாசல்ல "டிசைனர்"னு போர்டு வெச்சிகீறேன். படிச்சது அஞ்சாவது. அதுலயும் பாதி நாளு கடலாண்டதான் இருந்தேன். இங்கிலீஷ்ல எழுத்து மட்டும்தான் தெரியும், படிக்க சுத்தமா வராது. தமிழ் படிப்பேன், ஆனா பஸ் போர்டு படிக்கிற மாதிரி. பஸ்சு போனப்புறம்தான் அது எந்த ஊரு பஸ்சுன்னு தெரியும்.

அப்புறம் எப்டிரா டிசைனர் ஆனன்னு கேப்பீங்க. எல்லாம் பொம்மை பாத்து கத்துக்குனதுதான். கம்ப்யூட்டர்ல எடது பக்கம் மூணாவது பொம்மைய அமுக்குனா படத்த வெட்டும். அதுக்கு கீழ கீற பொம்மைய அமுக்குனா எழுத்து வரும். பேரு எதுவும் தெரியாது. தமிழ் டைப்பும் அப்டிதான். எந்த சாவிய தட்டுனா எந்த எழுத்துன்னு வெரலுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இத வெச்சிகினுதான் கல்யாணம், கருமாதி, கிரிக்கெட் போட்டி எல்லாத்துக்கும் பானர் போட்டுகினு இருந்தேன். எழுத்துப் பிழை இருக்கும். யாரும் கேக்க மாட்டாங்க. பானர்ல அவங்கவங்க மூஞ்சி பெருசா கீதான்னுதான் பாப்பாங்க.

என் தங்கச்சிய மதுராந்தகத்துல குடுத்துகீறோம். நெல்லு வியாபாரம் பண்ற வூடு. மாப்ள நல்ல மனுசன், வாயத் தொறக்க மாட்டாரு. தொறக்க அவங்க அம்மா வுட்டாதான? கல்யாணத்துல நாங்க வெச்ச சீரு பத்தல பத்தலன்னு அந்தம்மா இன்னும் பேசிகினு கீது. கல்யாணம் ஆயி புள்ள பொறந்து, அந்த புள்ளைக்கு இப்ப மொட்ட போட்டு காது குத்துற வயசே வந்துட்ச்சு. பேச்சு மட்டும் நிக்கல.

காதுகுத்துக்கு நாளு குறிச்சதும் அந்தம்மா தங்கச்சிகிட்ட கேட்டுச்சாம். "உங்கண்ணன் ஊருக்கெல்லாம் பானர் போடுறாரே, தங்கச்சி புள்ளைக்கு ஒண்ணு வருமா? இல்ல, அதுவும் சீரு மாதிரிதானா?"

எந்தங்கச்சிக்கு ரோசம் வந்துட்ச்சு. "வாசல் நெறைய வரும், பாருங்க"ன்னு சொல்லிட்டா. சொல்லிட்டு எனக்கு போன் போட்டா.

"ண்ணா, நான் வாய வுட்டுட்டேன். பானர் மட்டும் வரலன்னா இந்த வூட்ல நான் தல நிமுந்து நடக்க முடியாது, பாத்துக்க."

"நீ கம்முனு இரு. தாய்மாமன் யாருன்னு காட்டுறேன்"னேன்.

காட்றதுக்குள்ள கம்ப்யூட்டர் நான் யாருன்னு காட்டிட்ச்சு. காலைல கடை தொறந்து ஆன் பண்றேன், ஸ்கிரீன் புல்லா கறுப்பு. ஒரு மூலைல மட்டும் ஏதோ எழுதிகீது. டீக்கடைகாரர கூப்ட்டு படிக்கச் சொன்னேன். "இது ஒரிஜினல் இல்லியாம்பா, காசு கட்டணுமாம்"னாரு. அது காசு குடுத்து வாங்க வேண்டிய சிஸ்டமாம். நான் குடுக்கல. எனக்கு பழைய கம்ப்யூட்டர் வித்தவனும் குடுத்துருக்க மாட்டான், அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியும்.

என் பொண்டாட்டியோட தம்பி, மச்சான்காரன், நாவலூர்ல ஒரு ஆபீஸ்ல கம்ப்யூட்டர் ரிப்பேர் வேல பாக்குறான். அவனுக்கு போன் அடிச்சேன்.

"மாமா, அத தூக்கிப் போடு. நான் வேற ஓ.எஸ். போட்டு தரேன்."

"ஓசியா?"

"ஓ.எஸ். மாமா."

"அதான்டா, ஓசி. எவ்ளோ ஆவும்?"

"காசே இல்ல மாமா."

"அதத்தான்டா ஓசின்றேன்! நீயும் அதான் சொல்ற, நானும் அதான் சொல்றேன், அப்புறம் இன்னாத்துக்கு கத்துற?"

வந்தான். லீவு நாள்லயும் கழுத்துல ஆபீஸ் டேக்கு. குளிக்கும்போது கழட்டுவானா தெரியாது. பைக்க வுட்டு எறங்குனதும் பென் டிரைவ சொருவிட்டு பாடம் எடுக்க ஆரம்பிச்சான்.

"மாமா, இத சொம்மா இலவசம்னு நெனைக்காத. இது சுதந்திரம். யாரு வேணா உள்ள தொறந்து பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவனுக்கு குடுக்கலாம். உலகம் பூரா ஆளுங்க சேந்து செய்றாங்க."

"அவங்களுக்கு யார்ரா சம்பளம் குடுக்கறது?"

"நெறைய பேரு சொம்மாவே செய்றாங்க மாமா."

"அவங்க பொண்டாட்டிங்களுக்கு தெரியுமா?"

அவன் டேக்க முதுகு பக்கம் தள்ளிகினு கீபோர்ட தட்ட ஆரம்பிச்சான். எனக்கு நம்பிக்கை வர்ல. நம்ம ஊர்ல ஓசில ஒண்ணு வருதுன்னா ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கேப்பாங்க, லைன்ல நிக்க வெப்பாங்க, வாங்குன சாமான் மேல யாரோட போட்டோவாச்சும் ஒட்டியிருக்கும். இதுல ஒண்ணுமே கேக்கல. சிஸ்டம் ஏறி முடிஞ்சதும் யாரு போட்டோ வருதுன்னு பாத்துகினே இருந்தேன். கறுப்பும் வெள்ளையுமா குண்டா ஒரு பறவ வந்து நின்னுச்சு.

"எந்த கட்சி சின்னம்டா இது?"

"மாமா, லினக்ஸ் மாமா! இந்த ஓ.எஸ். பேரு!"

கேள்விப்படாத கட்சி. சரின்னு வுட்டுட்டேன்.

படம் வெட்ட வேற ஒரு புரோகிராமும் போட்டு குடுத்துட்டு, "எதனா ஒண்ணுன்னா போன் பண்ணு"ன்னு சொல்லிட்டு அவன் கெளம்பிட்டான். அவன் பைக்கு கோவளம் தாண்டியிருக்காது, எனக்கு ஒண்ணு ஆயிட்ச்சு. பொம்மையெல்லாம் எடம் மாறி கீது. மூணாவது பொம்மைய அமுக்குனா படம் வெட்டல, கவுந்துகினு சுத்துது. சொந்தக்காரன் வூட்டுக்கு போயி கக்கூசு எங்க கீதுன்னு தெரியாம நிப்போம் பாரு, அந்த மாதிரி என் கடைலயே நிக்கறேன்.

மறுநாளு பாத்தா பிரிண்டரும் வேல செய்யல. போன் அடிச்சேன்.

"மாமா, கறுப்பா ஒரு பெட்டி தொறந்துச்சா? அதுல மொதல்ல சூடோன்னு அடி, அப்பதான் நாம சொல்றத கேக்கும்."

எனக்கு தெரிஞ்சது சூடுதான். கிரிக்கெட் டீமு பேர பானர்ல அடிக்கிற பழக்கத்துல இங்கிலீஷ் எழுத்துல s, o, o, d, u-ன்னு ஒவ்வொண்ணா தேடி அடிச்சேன். அது தெரியாதுன்னுச்சு. திருப்பி அடிச்சேன். தெரியாதுன்னுச்சு. "மச்சான், சூடு வெச்சிட்டேன், அசைய மாட்டேங்குது"ன்னேன். அந்தப் பக்கம் அவன் ஆபீஸே சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. கடைசில எழுத்த சொல்லிக் குடுத்தான். அப்புறம் பாஸ்வேர்டு கேட்டுச்சு. அடிச்சா ஒரு புள்ளி கூட வர்ல. கீபோர்டு செத்துட்ச்சுன்னு நெனச்சு தல கீழா கவுத்து தட்டுனேன். உள்ளயிருந்து மிச்சர் கொட்டுச்சு.

"மாமா, அது தெரியாது, ஆனா ஏறிகினு இருக்கும். நம்பி அடி."

நம்பி அடிச்சேன். பிரிண்டர் உயிர் வந்துட்ச்சு. அன்னைக்குத்தான் அந்த கறுப்பு பெட்டி மேல எனக்கு கொஞ்சம் மரியாத வந்துச்சு.

காதுகுத்துக்கு மொத நாளு. மதியத்துக்குள்ள டிசைன முடிச்சு செங்கல்பட்டு பிரஸ்சுக்கு அனுப்பணும், அப்பதான் சாயங்காலம் பானர் கைக்கு வரும். போட்டோ வேலைய எப்டியோ முடிச்சுட்டேன். மருமவன சிங்கம் போட்ட நாற்காலில உக்கார வெச்சு கூலிங் கிளாஸ் மாட்டிவுட்டேன். பக்கத்துல நான், கைய கட்டிகினு, பின்னால ரெண்டு காரு. எனக்கு சைக்கிளே பஞ்சர்.

எழுத்துக்கு வந்தா மாட்டிகினேன். நான் அடிக்கிற பழைய தமிழ் எழுத்து இதுல இல்ல. "வருக வருக"ன்னு அடிச்சா, கோழி சேத்துல நடந்த மாதிரி வருது. மச்சானுக்கு போன் அடிச்சா, "மாமா, இது யூனிகோடு, புது கீபோர்டு கத்துக்கணும்"ன்றான். காது குத்தறது நாளைக்கு, நான் எப்ப கத்துக்கறது? அவனே வழி சொன்னான். "போன்ல மைக்க அமுக்கி வாயால சொல்லு, அதுவே எழுதிக்கும். அத கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்க."

கதவ சாத்திகினு, மேடைல பேசற மாதிரி தொண்டைய கனைச்சிகினு சொன்னேன். "எங்கள் இல்ல காதணி விழாவிற்கு வருகை தரும் அனைவரையும் வருக வருக என அன்புடன் வரவேற்கும் தாய்மாமன்."

அந்த நேரம் பாத்து பொண்டாட்டி சோறு எடுத்துகினு உள்ள வந்தா.

"யோவ், மணி இன்னா ஆவுது, இன்னும் துன்னல? ஒரு பானருக்கா இந்தப் பாடு?"

"உனக்கு இன்னாமே தெரியும்? இது போவலன்னா தங்கச்சிய அந்தம்மா வுடுமா? அந்தம்மா வாய்ல இருந்து உப்பு எடுக்க நெம்மேலி மிஷினால கூட ஆவாது"ன்னேன்.

நெம்மேலில கடல் தண்ணிய உறிஞ்சி உப்ப எடுத்துட்டு நல்ல தண்ணியா மெட்ராசுக்கு அனுப்பறாங்க இல்ல, அத சொன்னேன். அவளும் சிரிச்சா. நானும் துன்னுட்டு, போன்ல இருந்தத அப்டியே கம்ப்யூட்டருக்கு அனுப்பி பானர்ல போட்டேன். எழுத்து எல்லாம் சுத்தமா வந்து கீது. கடைசி வரி கொஞ்சம் நீளமா இருந்துச்சு. இருந்தா இன்னா, அடில நீளமா ஒரு வரி வந்தா பார்டர் மாதிரி எடுப்பா இருக்கும்னு அதுக்கு மஞ்ச கலரு அடிச்சு, ரெண்டு பக்கமும் ரோசாப்பூ வெச்சு பிரஸ்சுக்கு தள்ளிட்டேன். மைக்க நிறுத்தணும்னு எனக்கு யாரு சொன்னாங்க?

மறுநாளு காலைல மதுராந்தகத்துல மண்டப வாசல்ல பானர ஏத்திக் கட்டினேன். வாசல் நெறைய நின்னுச்சு. வர்றவங்கல்லாம் நின்னு படிக்கறாங்க, படிச்சுட்டு சிரிக்கறாங்க. நல்லா கீது போலன்னு நான் காலர தூக்கிவுட்டுகினேன். ரெண்டு பேரு கூட செல்பி வேற எடுத்துகினேன்.

தங்கச்சி ஓடி வந்தா. மொகத்துல ரத்தமே இல்ல. "ண்ணா, கடைசி வரிய படி!"

படிக்க ஆரம்பிச்சேன். நம்ம வேகம்தான் தெரியுமே. "அந்தம்மா"ன்னு படிக்கும்போதே புரிஞ்சுட்ச்சு, பொண்டாட்டிகிட்ட கத்தி சொன்ன கடைசி வரிய மட்டும் போன் புடிச்சு எழுதிகீது. "உப்பு" வரும்போது பானர் கயித்த அவுக்க கைய நீட்டுனேன். "நெம்மேலி"க்கு வர்றதுக்குள்ள அந்தம்மாவே என் பக்கத்துல நின்னுகினு கீது. கண்ணாடிய மாட்டி, வெரல நீட்டி, ஒவ்வொரு வார்த்தையா சத்தமா படிச்சுட்ச்சு. மேளக்காரரு கூட நிறுத்திட்டாரு.

"யாரு இந்த அந்தம்மா?"

தங்கச்சி தரைய பாத்துகினு நிக்கறா. புள்ள காதுகுத்து அன்னைக்கு, சொந்தபந்தம் முன்னாடி, எவ நிமுந்து நடக்கணும்னு நான் பானர் போட்டனோ அவ தலைய நானே குனிய வெச்சிட்டேன்.

அப்பதான் என் பொண்டாட்டி முந்தானைய எடுத்து மூக்க மூடிகினு முன்னாடி வந்தா.

"வேற யாரு அத்த, நான்தான்! வூட்ல நான் ஒரு வார்த்த பேசுனா போதும், இந்தாளு இப்டிதான் சொல்லும். இப்ப பானர்லயே ஏத்திகினு வந்துட்ச்சு பாருங்க. இந்த அசிங்கத்த நான் எங்க போயி சொல்றது?"

அழுகை மாதிரியே ஒண்ணு வந்துச்சு. அவளுக்கு அது வரும்னே அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

அந்தம்மா திரும்பி என்ன பாத்த பார்வ கீதே!

"அடப்பாவி! கட்டுனவள வாசல்ல எழுதி கட்டுவானா ஒருத்தன்? நீயெல்லாம் ஒரு தாய்மாமனா? உனக்கு மால வேற போடணுமா?"

ஆரம்பிச்சது நிக்கல. மொட்ட போடும்போது திட்டுச்சு. மால போடும்போது திட்டுச்சு. புள்ளைய மடியில வெச்சிகினு உக்காந்தேன், பத்தரு ஊசிய எடுத்தாரு, புள்ள வீல்னு கத்துச்சு, அந்த சத்தத்துக்கு மேலயும் அந்தம்மா சத்தம் கேட்டுச்சு. புள்ளைக்கு ரெண்டு ஓட்டையோட முடிஞ்சுட்ச்சு. சமையக்காரரு கத்திய எடுத்துகினு போயி பானரோட அடி வரிய அறுத்து எடுத்தாரு. ரோசாப்பூவும் அதோட போச்சு.

பந்தில என் பொண்டாட்டிய அந்தம்மா கையப் புடிச்சு தம் பக்கத்துல உக்கார வெச்சிகினுச்சு. அத்தன பேரு முன்னாடி, "எங்க மருமவ பொறந்த வூட்டுல பொம்பளைங்க தங்கம். ஆம்பளதான் சரியில்ல"ன்னு சொல்லுச்சு. கல்யாணம் ஆனதுல இருந்து எந்தங்கச்சியோட பொறந்த வூட்ட அந்தம்மா பாராட்டுனது அதான் மொத தடவ. தங்கச்சி சாம்பார் வாளிய தூக்கிகினு என் எலையாண்ட வந்தா. சிரிப்ப அடக்க முடியாம வாளியே ஆடுது.

"ண்ணா, துன்னு, துன்னு. வெக்கப்படாத."

அந்த வாரமே மச்சான் வந்து நின்னான். "மாமா, அந்த வாய் டைப்பு போனோடது. நம்ம சிஸ்டம் மேல எந்த தப்பும் இல்ல"ன்னான். அக்காவுக்கு ஆன கதைய வுட அவனுக்கு அதான் பெருசு. பழைய சிஸ்டமே வேணுமான்னு கேட்டான். வேணாம்னுட்டேன். சூடு வெச்சு, மிச்சர் கொட்டி கத்துகினத எவன் வுடுவான்? இப்ப புது கீபோர்டுல ஒவ்வொரு எழுத்தா தேடி அடிக்கறேன். அடிச்ச பானர என் பொண்டாட்டி சத்தமா படிச்சப்புறம்தான் பிரஸ்சுக்கு போவும். அவ பத்தாவது பாஸு.

அவளுக்கும் நேரம் பத்தல. மதியம் ஆனா மதுராந்தகத்துல இருந்து அந்தம்மா அவளுக்கு போன் போட்டுருது. புருசனுங்கள பத்தி ரெண்டு பேரும் பேசறாங்க. என் எதுக்கவே பேசறாங்க, ஸ்பீக்கர்ல. அந்த நேரத்துலதான் மாமியா தொந்தரவு இல்லாம புள்ளைய போட்டுகினு நிம்மதியா தூங்கறேன்னு தங்கச்சி சொல்றா.

தூங்கட்டும்.